ஓநாய்க்கல்

ஹோபர்ட் துப்பாக்கியோடுதான் எங்களை வரவேற்றான். அவன் நாய் குரைக்கக்கூட இல்லை. அதற்கும் எங்களைக் கண்டால் அவ்வளவு வெறுப்பு.

"படம் எடுத்துக்க, கெளம்பு. கல்லத் தொட்ட, கை இருக்காது," என்றான்.

என் மனைவி நாடினுக்கு அவன் தூரத்துச் சொந்தம். கென்டக்கியின் இந்தப் பள்ளத்தாக்கில் காட்டைத் திருத்தி முதலில் குடியேறிய ஏனோக் ஸ்டிட்டம்தான் இருவருக்கும் மூதாதை. அந்த ஆள் பிறந்த வருஷம் மட்டும் தெரிந்துவிட்டால் தன் வம்சாவளி முழுமையாகிவிடும் என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள் நாடின். விடுமுறை வந்தால் எங்களுக்கு இடுகாடுதான். என்ன செய்வது, எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை.

ஹோபர்ட் நிலத்தின் மலைச்சரிவில் தேவதாரு மரங்களுக்கடியில் இருந்தது ஏனோக்கின் கல்லறை. நடுப்பகலிலும் அங்கே வெளிச்சம் பழுப்பாகக் கிடந்தது. ஈர மண்ணும் பழைய கொழுப்பும் கலந்த வாடை. ஒரு பறவைச் சத்தம் இல்லை. குழியின்மேல் ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக்கல். அதில் எழுத்து ஏதும் இல்லை.

"குப்புற விழுந்திருக்கு, டெல்மர். எழுத்து அடியில இருக்கும்," என்று கிசுகிசுத்தாள்.

"அது ஓநாய்க்கல்லும்மா. ஓநாய் பொணத்தத் தோண்டாம இருக்க வெப்பாங்க. அதுல எவன் எழுதுவான்?"

"நீ பேசாம கடப்பாரையப் பிடி."

பிடித்தேன். கல் புரண்டது.

அடிப்பக்கம் முழுக்கக் கீறல்கள்.

நகக் கீறல்கள்.

நாடின் குனிந்து அவற்றை விரலால் தடவினாள். குழிக்குள் யாரோ நீளமாக மூச்சை இழுத்தது போல் கேட்டது. அவள் நிமிரவில்லை.

ஹோபர்ட் வெளிறிப்போய் ஓடி வந்தான். "அடப்பாவிகளா! ஓநாய்க்குப் பயந்தா வெச்சாங்க? அவனுக்குப் பயந்து வெச்சாங்கடா! தன் நெலத்துல அந்நிய ரத்தம் எதுக்குன்னு ரெண்டு மருமகனையும் வெட்டிப் போட்டவன்டா அவன்!"

கல்லால் குழியை மறுபடி மூடினோம். தூக்கும்போது இருந்த கனம் இப்போது இல்லை.

ஏனோக் பிறந்த வருஷத்தைப் பற்றி வழியில் நாடின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் சோளரொட்டியை இரண்டு கையாலும் பிய்த்துத் தின்றாள்.

காலையில் கோடாரிச் சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்தில் அவள் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால், தோட்டத்து எல்லை மரங்கள் எல்லாவற்றிலும் புது வெட்டு. பிசின் வடிந்துகொண்டிருந்தது. முதலில் குடியேறியவர்கள் இப்படித்தான் மரத்துக்கு மரம் வெட்டுப் போட்டு, உள்ளே இருப்பதெல்லாம் தங்களுடையது என்பார்கள்.

கடைசி மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நாடின், உள்ள வாம்மா," என்றேன்.

அவள் திரும்பவில்லை. குரல் மட்டும் அவளுடையதாகவே இருந்தது.

"யாரக் கேட்டு இங்க படுத்த, மருமகனே?"

ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

கதவின் உள்பக்கத்தில் ஒரு புது வெட்டு இருந்தது. என் கழுத்து உயரத்தில்.