முதுகுத் தகரம்

காட்டூரைத் தாண்டியதும் அம்மாசியின் முதுகுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு தட்டு விழுந்தது. உள்ளங்கையால் அறைந்த மாதிரித் தட்டு. பிரேக்கை மிதித்து, பிக்கப்பைச் சாலையோரப் புளியமரத்தடியில் ஒதுக்கி, இறங்கிப் பின்னால் ஓடினான். சிமெண்டு மூட்டைகளின் மேலும் இடுக்கிலும் குந்தியிருந்த சித்தாள்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் தட்டவில்லை என்றார்கள். அவன் பெண்டாட்டி மயிலம்மாள், நிறைமாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் தட்டினால் உனக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

திருவெறும்பூர்ப் பொட்டலில் பெரிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கைலாசபுரத்தில் அதன் ஆட்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள். அந்த வீடுகளுக்குச் செங்கல் சுமக்கிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக் குடிசைகளில் கிடந்தார்கள். காலையில் அவர்களை ஏற்றிவந்து, இருட்டும்போது கொண்டுபோய் இறக்குவது அம்மாசியின் வேலை. வண்டி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. டிரைவர் முதுகுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஜன்னல் கிடையாது, ஒரே தகரம். இஞ்சின் போடும் கூச்சலில் பின்னால் கத்துவது முன்னால் எட்டாது. அதனால் தட்டு. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. கூலியாள் ஏற்றுகிற வண்டிகளில் அதற்கு மேல் பேச்சு இல்லை.

அம்மாசிக்கு அந்த ஒற்றைத் தட்டுதான் இப்போது உயிர். மயிலம்மாளுக்கு எந்த நேரமும் வலி காணலாம். வீட்டில் படுத்துக்கொண்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். முன்சீட்டில் மேஸ்திரி வீரமலை உட்காருவார். பிள்ளை பிறக்கும்வரை அவளை முன்னால் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று அம்மாசி ஒருமுறை தலையைச் சொறிந்தான்.

"ஏன், மடியில வெச்சு ஓட்டேன்," என்றார் மேஸ்திரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மயிலம்மாளும் சிரிக்க வேண்டியிருந்தது.

தட்டு மறுநாளும் விழுந்தது. அப்புறம் ஒருநாள் காவேரிப் பாலத்தின் நட்டநடுவில். நிறுத்துவான், ஓடுவான், ஒன்றும் இருக்காது. பின்னால் பஸ்காரன் ஆரனை அமுக்கிக்கொண்டு அவன் தாயை இழுப்பான். ஓட்டை வண்டி கடகடவென்று ஆடுகிறது, அதற்கெல்லாமா நிற்பாய் என்று மேஸ்திரி வைதார்.

பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த தாஜுதீன் பாய் சத்தம் தேடுவதில் கெட்டிக்காரர். அம்மாசியை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, பின்பக்கப் பலகையில் குப்புறப் படுத்து, ஒரு குச்சியின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார். பின்கதவுச் சங்கிலி கிலுகிலுத்தது, கோணி சுற்றினார். சீட்டுக்கு அடியில் ஜாக்கி உருண்டது, கட்டிப்போட்டார். ஸ்பிரிங் பட்டையில் தேய்ந்த புஷ்ஷை மாற்றினார், சைலன்ஸரை இறுக்கினார், பழைய டியூபை வெட்டித் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கொடுத்தார். முடிந்தபோது இஞ்சின் சத்தம் தவிர வண்டியில் வேறு சத்தம் இல்லை.

"வண்டியில ஒண்ணுமில்ல தம்பி. மாமியாரை எங்கயாச்சும் ஏத்திட்டுப் போனியா?"

பட்டறை முனை திரும்புவதற்குள் தட்டு விழுந்தது. பின்னால் யாருமே இல்லை.

அம்மாசி மயிலம்மாளிடம் ஒரு செங்கல் துண்டைக் கொடுத்தான். கையால் தட்டாதே, இதால் தட்டு, மூன்று தரம் தட்டு, அப்போதுதான் நீ என்று எனக்குத் தெரியும் என்றான். அன்று சாயங்காலமே, தகரத்தில், செங்கல்லால், மூன்று. ஓடிப்போய்ப் பார்த்தான். மயிலம்மாள் மூட்டையில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். செங்கல் துண்டு அவள் மடியில் இருந்தது. தகரத்தில் தேடினான். ஒரு சிவப்புக் கீறல்கூட இல்லை.

பாய் தகரத்தையே கழற்றிவிட்டார். திரும்பினால் பின்னால் இருக்கும் ஒவ்வொரு முகமும் தெரிந்தது. மயிலம்மாள் வீங்கிய காலை நீட்டியிருப்பது தெரிந்தது. வேர்வையும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை காற்றோடு உள்ளே வந்தது. அம்மாசி தைரியமாக ஓட்டினான். அரியமங்கலம் தாண்டும்போது அவன் பிடரிக்குப் பின்னால், தகரம் இருந்த இடத்தில், தட்டு விழுந்தது. தகரம் அதிர்கிற சத்தம். திரும்பினான். வெறும் சட்டம். அதற்கு அப்பால் அத்தனை பேர் கையும் மடியில் கிடந்தது.

சுண்ணாம்புத் தூசி கண்ணில் விழுகிறது என்று மேஸ்திரி அன்றைக்கே தகரத்தைத் திரும்பப் பூட்ட வைத்தார்.

"இன்னொரு தரம் சும்மா நிறுத்தினே, சாவியைக் குடுத்துட்டு நடந்து போயிடு. உன் பொண்டாட்டியும் உன்கூட நடக்கட்டும். ரெண்டு பேர் மூஞ்சியையும் சைட்டுல பார்க்கக் கூடாது."

நிறுத்தினால் இரண்டு பேர் பிழைப்பும் போகும். நிறுத்தாமல் விட்டு, தட்டியது அவளாக இருந்துவிட்டால்?

மயிலம்மாளோடு கலவை சுமக்கிற மாரியாயிதான் வழி சொன்னாள். உறையூரில் வெறிநாய்க்கும் பாம்புக்கும் வாய்க்கட்டுப் போடுகிறவன் ஒருவன் இருந்தான். பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதன் வாய் என்று சொல்லி மந்திரித்துப் பூட்டினால் அந்த வாய் அடங்கிவிடும். பூட்டை ஆற்றில் போட்டுவிட வேண்டும். அந்தப் பூட்டை என்னிடம் கொடு, பட்டறைக்காவது ஆகும் என்று பாய் கேலி செய்தார். அம்மாசி போனான். தட்டுகிற சனியன் அடங்கிவிட்டால், அதற்கப்புறம் தட்டுவது மயிலம்மாள்தான். யோசிக்காமல் நிறுத்தலாம், மேஸ்திரியிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அவன் நினைத்தது அவ்வளவுதான்.

"நாய்னா நாயைக் காட்டுவாங்க. பாம்புன்னா புத்தைக் காட்டுவாங்க. நீ எதைக் கட்டச் சொல்றே?" என்று கேட்டான் அந்த ஆள்.

அம்மாசிக்கு அதன் பேர் தெரியாது. "வண்டியில, என் முதுகுக்குப் பின்னாடி இருக்குதுங்க. அது வாயைத் திறக்கக் கூடாது."

அந்த ஆள் திறந்த பூட்டை வாயருகே பிடித்து, அம்மாசி சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னான். பிறகு பூட்டினான்.

மறுநாள் காலை காவேரிப் பாலத்தில், மேஸ்திரி பீடி பற்றவைக்கிற நேரம் பார்த்து, அம்மாசி பூட்டைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வீசினான். அதன் பிறகு சைட் போய்ச் சேரும்வரை தட்டு இல்லை. பகலெல்லாம் அவன் மனசு லேசாக இருந்தது. மயிலம்மாளுக்குத் தூக்குச்சட்டியில் டீ வாங்கிக் கொடுத்தான். இடுப்பு கொஞ்சம் கடுக்கிறது என்றாள். தட்டினால் உடனே நிறுத்திவிடுவேன், பயப்படாதே என்றான்.

சாயங்காலம் ஆட்கள் ஏறிய பிறகு, போகலாம் என்கிற இரண்டு தட்டுக்குக் காத்திருந்தான். வரவில்லை.

"எடுடா, பொழுது போகுது," என்றார் மேஸ்திரி. எடுத்தான்.

காட்டூர் வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வயல் பக்கமிருந்து தவளைச் சத்தம் வந்தது, எதிரே வந்த மாட்டு வண்டியின் சலங்கை வந்தது, மேஸ்திரியின் தொண்டைக் கமறல் வந்தது, இஞ்சின் வழக்கமான சுருதியில் உறுமியது. முதுகுக்குப் பின்னால் மட்டும் எதுவும் இல்லை, பலகை முனகவில்லை, மண்வெட்டியும் இரும்புச்சட்டியும் ஒன்றோடொன்று இடிபடவில்லை, பள்ளத்தில் தூக்கிப்போட்டபோது ஐயோ என்று ஒரு குரல்கூட எழவில்லை, கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இத்தனை அமைதி எந்த வண்டியிலும் அவன் கேட்டதில்லை.

பாலக்கரை தாண்டியது. தகரம் முதுகில் அதிர்ந்தது. இஞ்சின் அதிர்வு என்று நினைத்தான். மறுபடி அதிர்ந்தது. சீராக இல்லை. விட்டு விட்டு, முதுகெலும்பில், முட்டினாற்போல. காதைத் தீட்டிக்கொண்டான். சத்தமில்லை. சத்தம் வந்தால் நிறுத்தலாம். அவள்தான் தட்டுவாளே.

மலைக்கோட்டை விளக்குகள் பின்னால் போயின. பாலம் ஏறும்போது அவன் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது.

"என்ன?" என்றார் மேஸ்திரி.

"ஒரு எட்டு பின்னால பார்த்துட்டு..."

"தட்டினாளா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னடா? நின்னா இங்கயே இறங்கிக்க."

மிதித்தான். ஆற்றுக் காற்று. முதுகில் இடி. இன்னொன்று. தகரம் அவனை முன்னால் தள்ளியது. ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்கார்ந்தான். தட்டு இல்லை. தட்டு இல்லை. தட்டினால் கேட்கும். திருவானைக்கோயில். ரயில்வே கேட். திறந்திருந்தது. போனான்.

அதன் பிறகு அதிர்வு நின்றுவிட்டது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

கொள்ளிடக் கரையில் நிறுத்தி இஞ்சினை அணைத்தான். கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்தது. கரையில் ஒரு நாய் குரைத்தது. வண்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை.

"என்னடா, தூங்கிட்டாளுங்களா?" மேஸ்திரி டார்ச்சைக் கொடுத்தார்.

பின்கதவை இறக்கினான். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது தகரம். அவன் உட்காரும் இடத்துக்கு நேராக அது முன்பக்கம் பிதுங்கிக் கிடந்தது. முழுக்கச் செங்கல் தூள். அதன் மேல் கைத்தடங்கள். சிவப்பாக, ஈரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

பெண்கள் அவனைப் பார்த்தார்கள். மாரியாயி எதையோ சொன்னாள். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கிழிந்த உள்ளங்கையை ஓங்கித் தகரத்தில் அறைந்து காட்டினாள். தகரம் நடுங்கியதைப் பார்த்தான். நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

மயிலம்மாள் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். வாய் திறந்தபடி விறைத்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. விரல்கள் செங்கல் துண்டை விடவில்லை. காலடியில் சிமெண்டுச் சாக்கு கறுத்து நனைந்திருந்தது.

சாக்கின் மேல் குழந்தை.

உயிரோடிருந்தது. உடம்பெல்லாம் சிவந்து, காலை உதைத்து, முகம் முழுக்க வாயாகத் திறந்து, விலா எலும்பு ஏறி இறங்க வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

அம்மாசி காதைக் கிட்டே கொண்டுபோனான். சூடான மூச்சு பட்டது. மூச்சு மட்டும்.

குழந்தையின் கை வீசி விழுந்தது. மூடிய சின்ன விரல்கள் தகரத்தில் மோதின. மறுபடி மோதின. வாய் மூடவே இல்லை.