ஐயமதிப்பு தொண்ணூற்றாறு

தருணின் சிவப்புக் கார் அவிநாசி சாலையில் ஏறியதும் முன்னால் தாமாகவே போய்க்கொண்டிருந்த தன்னோட்டி வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. பின்னால் வந்தவை வேகத்தைக் குறைத்துத் தள்ளி நின்றன. காலை ஒன்பது மணி நெரிசலில் நூறு மீட்டர் வெற்றுச் சாலை அவருக்கு மட்டும் கிடைத்தது.

கோவையில் கையால் ஓட்டும் கார்கள் அப்போது முந்நூறுகூட இல்லை. மற்ற எல்லா வண்டிகளையும் நகரப் போக்குவரத்துக் கணினியான சாலைமூளைதான் ஓட்டியது. சாலையில் நகரும் ஒவ்வொன்றும் அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று அது கணித்துக்கொண்டே இருக்கும். கணிப்பு தவறும்போதெல்லாம் அந்தப் பொருளின் ஐயமதிப்பு ஏறும். மதிப்பு ஏற ஏறத் தன்னோட்டிகள் அதைவிட்டு விலகிப் போகும்.

பம்பு தயாரிக்கும் ஆலையில் வடிவமைப்பாளரான தருண் இதைத் தற்செயலாகத்தான் கண்டுகொண்டார். முப்பது வருடப் பழைய அந்த இரண்டு கதவுக் காருக்குப் பெரிய டர்போ பொருத்திய மறுநாள், மற்ற வண்டிகள் முன்பைவிடத் தள்ளி நின்றன. அந்த ரகக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஒன்பது நொடி ஆகும் என்று சாலைமூளை நினைத்திருந்தது. அவருடையது ஆறில் தொட்டது. பிறகு ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை இரண்டு அங்குலம் தாழ்த்தினார். வளைவுகளில் அது சாயாமல் திரும்பியது. மதிப்பு நூற்றுக்கு எழுபதைத் தாண்டியது. அதன்பின் அவருக்கு வேகம் முக்கியமில்லை. சாலைமூளையை ஏமாற்றுவதற்கென்றே காரணமில்லாமல் பிரேக் போட்டார், காரணமில்லாமல் சீறினார்.

கார் அடிவயிறு தரையில் உரசுகிறது, பழைய ஸ்பிரிங்கையே போட்டுவிடுங்கள் என்று மனைவி சௌமியா பலமுறை சொன்னாள். அடுத்த மாதம் என்பார்.

ஒருநாள் விதி மாறியது. அதே காரை வேறொருவர் ஓட்டினால் அது சாதுவாகப் போவதைச் சாலைமூளை கவனித்துவிட்டது. எனவே ஐயமதிப்பு காரைவிட்டு ஆளுக்குப் போனது. சாலைக் கேமராக்கள் அடையாளம் காணும் தருணின் முகத்துக்கு நேராகத் தொண்ணூற்றாறு என்று பதிவானது. நடந்துபோனாலும் வண்டிகள் நின்று வழிவிட்டன. நண்பர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவர் வீட்டிலிருந்தால் வாடகை வண்டியும் சாமான் வண்டியும் தெருமுனையைத் தாண்டி வராது. சௌமியாதான் முனைவரை நடந்து போய் வாங்கிவருவாள்.

ஒரு ஞாயிறு நண்பகலில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. புடவை நனையும் அளவுக்கு வியர்த்தது. ஆளில்லா ஆம்புலன்ஸான மீட்பூர்தியைக் கூப்பிடலாம் என்றாள். தனக்கென்றால் சாலையே காலியாகும், எட்டு நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்று தருண் அவளைக் காரில் ஏற்றினார்.

சாலை காலியாகத்தான் ஆனது. சின்னியம்பாளையத்துக்கு அருகே ஒரு வேகத்தடையை அவர் கவனிக்கவில்லை. அடியில் ஆயில் சேம்பர் பிளந்தது. அரைக் கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

அவர் கூப்பிட்ட ஆறு நிமிடத்தில் மீட்பூர்தி வந்தது. வந்து, நூற்றைம்பது மீட்டர் தள்ளி நின்றது. உள்ளே ஆளில்லை. தருண் கையை ஆட்டினார். பிறகு சௌமியாவைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தார். அது அவர் நடந்த வேகத்திலேயே பின்னால் போனது. ஓடினார். அதுவும் வேகமாகப் பின்வாங்கியது.

மூச்சு வாங்க உதவி எண்ணில் பேசினார். மறுமுனைப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்: "சார், உங்க பேர்ல தொண்ணூத்தாறு காட்டுது. நீங்க அங்க இருக்கற வரைக்கும் வண்டி கிட்ட வராதுங்க."

"நான் அவங்க வீட்டுக்காரருங்க."

"தெரியுதுங்க சார். அவங்கள அங்கயே படுக்க வெச்சுட்டு நீங்க தள்ளிப் போயிருங்க."

காருக்குத் திரும்பி வந்து அதன் நிழலில் அவளைக் கிடத்தினார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சோளக்காட்டுக்குள் ஓடினார். தொலைவில் நின்று பார்த்தபோது மீட்பூர்தியின் கைகள் அவளைத் தூக்கிக்கொண்டிருந்தன. அவள் தலையைத் திருப்பித் திருப்பி யாரையோ தேடினாள்.

பிழைத்தாள். ஆனால் தாமதத்தில் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மருத்துவமனை வளாகத்துக்குள்ளும் தன்னோட்டிக் கட்டில்கள் ஓடியதால் அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து மகள் ஆதிரை அவளைத் திருப்பூருக்கு அழைத்துப் போனாள்.

தருண் போனில் திரும்பி வரச் சொன்னார். காரை விற்றுவிட்டதையும் சொன்னார்.

சௌமியா கோபப்படவில்லை. "நீங்க பக்கத்துல இல்லைனாத்தானுங்க எனக்கு வண்டி வருது" என்றாள்.

மதிப்பைக் குறைக்க ஒரே வழி, கணிக்கக்கூடிய மனிதராக வாழ்வதுதான் என்று போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். தருண் தினமும் காலை ஆறு பத்துக்குக் கிளம்பி, ஒரே பாதையில், ஒரே வேகத்தில், சாலையின் ஒரே ஓரமாக நடந்தார். ஒரு மாதம் ஒருநாளும் தப்பவில்லை.

முப்பத்தோராவது நாள் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். மதிப்பு தொண்ணூற்றெட்டாகியிருந்தது. காரணமும் பதிவாகியிருந்தது: இவர் தன் பல வருட இயல்பைத் திடீரென முழுதாக மாற்றிக்கொண்டிருக்கிறார், அடுத்து என்ன செய்வார் என்று கணிக்க முடியவில்லை.