கண்ணைத் தொட்ட விரல்

"அதெப்படி... எங்க வீட்டுலயே இல்லாத மாடிப்படியில எம்பொண்ணு ஏறிக் காட்டணுமா?"

தெஹ்ரானை அடுத்த வராமின் ஊரில், செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்தில், முதல் நாளே மல்லுக்கு நின்றான் கோர்பான். காய்த்துப்போன கை, புருவமெல்லாம் களிமண் தூசி... கண்கள் மட்டும் இப்போதுதான் கழுவி வைத்தது போல இருந்தன. சோதனை நடத்த வந்திருந்த நாஹீத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சோதனையிலேர்ந்து படியை எடுத்துட்டேன். போதுமா?"

அவள் வேலையே அதுதான். குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்க வெளிநாட்டார் செய்த சோதனையை, பாரசீகம் பேசும் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றுவது. சூளைக் குழந்தைகள் புது முகத்தைக் கண்டால் அலறின. அதனால் அப்பாவோ அம்மாவோ, கேள்வி கேட்கும் தன் முதுகுக்குப் பின்னால், குழந்தைக்குத் தெரியும்படி உட்காரலாம் என்று அவளே ஒரு விதியைச் சேர்த்திருந்தாள்.

கோர்பானின் மகள் மாஹ்கோல். மூன்று வயது, தாயில்லாப் பிள்ளை. கோர்பான் அப்படி உட்கார்ந்ததும், அழவில்லை. "கண்ணு எங்க?" என்றால் கண்ணைத் தொட்டாள். "மூக்கு?" தொட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"பேச மாட்டாளா?"

"அவளுக்கும் சேர்த்து நான் பேசிடறேன் டாக்டரம்மா."

"அது நல்லாவே தெரியுது. நான் டாக்டர் இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு இவளைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தாத்தான் சோதனையை நம்பலாம்."

"சோதனைக்கு மட்டும்தான் வரணுமா?"

அவள் தலைக்குட்டையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்...

இரண்டாம் முறை வந்தபோது கொட்டும் மழை. மழை இறங்கினால் சூளையை அடுத்த பருவம் வரை மூடிவிடுவார்கள். தொழிலாளர்களைச் சொந்த ஊரான தொர்பத்துக்கு ஏற்றிப்போகும் லாரி வெளியே நின்றது. அவன் ஒரு மாதுளம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

"கண்ணு எங்க?"

இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் அவள் பார்த்தாள். பின்னால் கோர்பான் தன் கண்ணைத் தொட்டான். பிறகுதான் குழந்தை தொட்டாள்.

நாஹீத் திரும்பினாள்.

"எந்திரிச்சு... பிள்ளைக்குப் பின்னால வந்து உட்காருங்க."

வந்தான். கேட்டாள். குழந்தை அவளைப் பார்த்துச் சும்மா சிரித்தாள். நாஹீத் குழந்தைக்குப் பின்னால் போய்க் கைதட்டினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். மாஹ்கோல் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"இவ அம்மாவைப் புதைச்ச அன்னிக்கு எல்லாரும் கதறினாங்க. இவ பக்கத்துலயே தூங்கிட்டிருந்தா."

"அன்னிக்கே ஏன் காட்டல?"

"ஊமைன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் அவளுக்கு வேற பேரே கிடையாது."

"மாட்டிக்குவோம்னு தெரிஞ்சும் இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"சோதனைக்கு மட்டும் வரல..."

அவள் மேசையிலிருந்த சோதனைத் தாள்களைப் பார்த்தாள். எத்தனை அப்பாக்கள் தன் முதுகுக்குப் பின்னால் கண்ணைத் தொட்டார்களோ? இரக்கப்பட்டுச் சேர்த்த விதி... எத்தனை செவிட்டுக் குழந்தைகளை நன்றாக இருப்பதாக வீட்டுக்கு அனுப்பிவிட்டதோ?

"தெஹ்ரான்ல காது பாக்கிற இடம் இருக்கு. லாரி ஏறாம இருங்க. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள இவளுக்குப் பேச்சு பழகுற வயசே போயிடும். நான் கூட வரேன்."

"பாவம் பாக்குறீங்களா?" அவன் முகம் செங்கல்லாக இறுகியது. "வேண்டாம்மா. பாவம் பாத்து நீட்டுன எதையும் நான் வாங்கினதில்ல."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். லாரி ஹார்ன் அடித்தது.

அவள் வாசலில் நின்று, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"பாவம் இல்ல... ரெண்டு வாரமா இந்த ஜன்னலைத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க வேணும் எனக்கு."

அவனுக்குக் கேட்டது. நடை நின்றது. திரும்பவில்லை.

அவன் தோளுக்கு மேலே மாஹ்கோலின் முகம் அவளைப் பார்த்திருந்தது. நாஹீத் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். குழந்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, தன் கண்ணின்மேல் விரலை வைத்தாள்.

கோர்பான் அந்த விரலைப் பார்த்தான். எதிரே யாராவது கண்ணைத் தொட்டால்தான் அவள் தொடுவாள்... திரும்பினான்.

லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. இந்தத் தடவை மூன்று பேருக்குமே கேட்கவில்லை.