ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

காலையில் அப்புசாமி கிராமபோனில் மாட்டி வைத்த புது ஊசி, ஒரு பாட்டுகூடப் பாடாமல் மதியத்துக்குள் தேய்ந்திருந்தது.

கண்தான் ஏமாற்றுகிறது என்று முதலில் நினைத்தார். திருகைத் தளர்த்தி ஊசியைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். முனை மழுங்கி, ஒரு பக்கம் உளி மாதிரி சாய்ந்திருந்தது. ரெக்கார்டில் ஓடாமல் ஸ்டீல் ஊசி இப்படித் தேயாது. ஓட்டுவதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி ஆடி நோம்பிக்குக் காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாதாந்திர ஷட்டவுன் என்று கரண்டையும் நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ் எதுவும் இரையாத அந்த வடவள்ளி வீட்டின் மாடியறையில், பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஜன்னல் கதவை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருக்க, பழைய மெஷின் எண்ணெயின் வாடை நாக்கிலேயே ஒட்டுகிற மாதிரி நின்றது. தொண்டை கரகரத்தது. செருமிக்கொண்டார்.

அப்புசாமி நிலத் தரகர். வாயை வைத்தே பிழைத்த மனிதர். விற்க மாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறவரையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேசிக் கரைத்துவிடுவார். கிராமபோன் சேர்ப்பது அவருடைய பித்து. ஊசி பார்த்துப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தடித்த ஊசி போட்டால் சத்தம் கூடத்தை நிறைக்கும். மெல்லியது போட்டால் காதோரம் பாடுகிற மாதிரி அடங்கும். எதுவானாலும் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேய்ந்த ஊசியை மறுபடி வைத்தால் அது ரெக்கார்டின் கோடுகளைச் சுரண்டிப் பாட்டை அறுத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்துதான் மாசாணத்திடம் பொய் சொன்னார்.

மாசாணம் பல்லடத்தில் தறி ஓட்டி ஓய்ந்த கிழவர். ஸ்பிரிங் அறுந்த தன் கிராமபோனைச் சரிசெய்து வாங்க அப்புசாமியிடம் வந்தபோது, தலையணை உறையில் சுற்றி ஒரு ரெக்கார்டும் கொண்டுவந்திருந்தார். நாடகத்தில் பாடிய அவருடைய அம்மா பங்காரம்மா பாடிப் பதிவானது அது ஒன்றுதான். அவரைப் பெற்ற கையோடு அவள் செத்துப் போய்விட்டாள். பஞ்சும் நூல் கஞ்சியும் மணக்கிற இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் விளிம்பை மட்டும் பிடித்து, பிள்ளையின் முகத்தை ஏந்துகிற மாதிரி ஏந்தித்தான் திருப்பி வைப்பார்.

அதன் இன்னொரு பிரதி அப்புசாமியிடம் இருந்தது. மூன்றாவது எங்குமே இல்லை என்று விசாரித்துத் தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிழவரிடம் விலைக்குக் கேட்டுப் பார்த்தார். அம்மாவை எப்படிங்க விக்கறது என்று கிழவர் சிரித்தார். அப்புசாமியும் சிரித்தார். பிறகு, தூக்கிப் போட்ட ஊசிகள் கிடக்கும் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து, பளபளவென்று துடைத்து அவர் கையில் வைத்தார்.

"நல்ல ஊசிங்க. எத்தன தடவ வேணும்னாலும் போடலாமுங்க."

கிழவர் நம்பினார். தினமும் போட்டார். அம்மாவைக் கேட்கக் கேட்க அவளை அறுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை. பங்காரம்மாவின் குரல் போய் வெறும் இரைச்சல் மிஞ்சிய பிறகுதான் யாரோ விவரம் சொல்லியிருக்கிறார்கள். நேராக இங்கே வந்தார். கத்தவில்லை. ஊசியை மேஜைமேல் வைத்தார்.

"உங்க ஊசி உங்களுக்கே இருக்கட்டுமுங்க. எங்கம்மா பேச்சு போன மாதிரி உங்க பேச்சும் தேஞ்சு போகோணுமுங்க."

சாபத்துக்குக்கூட 'ங்க' போடுகிறாரே என்று அப்புசாமி மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். போன வாரம் கிழவர் இறந்த செய்தி வந்தபோதும், பங்காரம்மா இனி தனக்கு மட்டும்தான் என்றே மனசு குளிர்ந்தது. பாவி மனசு.

இப்போது அது குளிரவில்லை. தடித்த ஊசியாக ஒன்றை மாட்டிவிட்டுக் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். தேய்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து, புது ஊசிகளை மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தார். தடித்தது, நடுத்தரம், மெல்லியது. எல்லாமே உளி முனை.

போன் அடித்தது. பெங்களூரிலிருந்து மகள் கனிஷ்கா. அந்த நேரத்தில் சாமியே கூப்பிட்ட மாதிரி இருந்தது.

"சொல்லு கண்ணு."

அவள் பயந்த குரலில் கேட்டாள்.

"யாருங்க நீங்க? அப்பா போன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அப்பாதான் என்று சொல்ல வாயெடுத்தார். வாயிலிருந்து இரைச்சல் வந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்போது, பின்னால், ரெக்கார்டு எதுவும் வைக்காத கிராமபோன் சுற்றத் தொடங்கியது.

"எத்தன தடவ வேணும்னாலும் போடலாமுங்க."

அவருடைய குரல். தரகு பேசுகிற அந்தத் தேன் குரல், குழலிலிருந்து. மறுபடி அதே சொல். மறுபடியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரைச்சல் கூடியது, கொஞ்சம் குரல் குறைந்தது. ஒவ்வொரு முறையும் தொண்டைக்குள் ஏதோ சுரண்டியது. பிரேக்கை அழுத்தினார். நிற்கவில்லை. கிராமபோனின் ஊசி மாட்டும் கையைத் தூக்கிப் பார்த்தார்.

அதில் ஊசி இல்லை.

குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஊசி எங்கே?

சுவர்க் கண்ணாடியிடம் ஓடினார். போன் டார்ச்சை அடித்தார். வாயைத் திறந்தார்.

தொண்டைச் சதை முழுக்கக் கோடுகள். வட்டம் வட்டமாக. கறுப்பாக. நெருக்கமாக. அவற்றின் மேல் ஒரு ஊசி முனை, பளபளவென்று, உள்வட்டம் நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

கத்தினார். சத்தம் வரவில்லை. குழலிலும் இரைச்சல் நின்றது. குரலின் கடைசிச் சொட்டும் தீர்ந்துவிட்டது.

பிறகு காதோரமாக, அதே மரியாதையோடு:

"ஏனுங்க, இன்னொரு பக்கம் இருக்குதுங்களே."

கண்ணாடியில் அவரைத் தவிர யாரும் இல்லை. பஞ்சும் நூல் கஞ்சியும் மணத்தது. இரண்டு உள்ளங்கைகள் அவர் முகத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, கீறல் விழாமல், மெதுவாகப் பின்பக்கம் திருப்பத் தொடங்கின.