இருநூற்று ஐம்பது சொற்களுக்குள்

காலை 10.10.

விண்ணப்பத்தின் உயிர் போயிருந்தது. மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தில் சடலத்தை முதலில் பார்த்தவர் கண்காணிப்பாளர் அம்மாள். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒரே ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'கமா'. அது அவருக்கும் தெரியும். காதில் விழாத மாதிரி நடந்துகொள்வார்; உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கணினித் திரையில் நிதிக் குழுவிடமிருந்து நான்கு வரிகள். 'சுருக்கவுரையில் விண்ணப்பதாரரின் அடையாளம் வெளிப்பட்டுள்ளது. விண்ணப்பம் தள்ளுபடி. அவர் அறியாமல் வேறொருவர் செய்த மாற்றம் எனில், செய்தவரின் பெயரை நிறுவனத் தலைவர் இன்று மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தெரிவித்தால் மாற்றத்துக்கு முந்தைய பிரதி ஏற்கப்படும்.'

சரிந்து கிடந்த பொருளாதாரத்தை நிமிர்த்த அரசு ஊக்க நிதி அறிவித்திருந்தது. அதில் மருத்துவ ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு. குழந்தைகள் சிறுநீரகத் துறைத் தலைவர், ஊருக்கே டாக்டரம்மா, தான் உருவாக்கிய மருந்துக்காக விண்ணப்பித்திருந்தார். விதிகளில் இரண்டு கறாரானவை. சுருக்கவுரை இருநூற்று ஐம்பது சொற்களைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கட்டம் சிவந்துபோய், சேமிக்கவே விடாது. இரண்டாவது, விண்ணப்பித்தவர் யார் என்று தெரியும்படி ஒரு சொல்கூட இருக்கக்கூடாது.

கமா சுருக்கவுரையைத் திறந்தார். கடைசி வரியில் கண் குத்திட்டு நின்றது.

'குழந்தைகள் சிறுநீரகத் துறைத் தலைவரின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பயன் இது.'

விண்ணப்பித்த நிறுவனங்களில் அப்படி ஒரு துறை இருப்பது இங்கே மட்டும்தான். பெயரைச் சொல்லாமலே சொன்ன மாதிரி.

நேற்றுப் பகல் பன்னிரண்டரைக்கு எல்லோரும் உட்கார்ந்து உரக்க வாசித்தபோது இந்த வரி இல்லை. இரண்டு மணிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தியவர் கமாதான். அப்போது கட்டத்தின் ஓரத்தில் 250 என்று காட்டியது. எண்ணிக்கை சரி என்று மறுபடி படிக்காமல் விட்டுவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் படிக்காமல் அனுப்பிய ஒரே தாள். தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

காலை 10.40. இயக்குநர் அறை.

"கம்ப்யூட்டர் பிரிவுல கேட்டாச்சு மேடம்," என்றார் இயக்குநர் கமாவிடம். "நேத்து மதியம் ஒண்ணு பதினேழுக்கு மாத்தியிருக்காங்க. லேப் டெக்னீஷியன் பொண்ணோட மெஷின். அதோட லாகின். பாசத்துல பண்ணியிருக்கும். டாக்டரம்மான்னா அதுக்கு உசிரு. பெருமையா ஒரு வரி சேர்த்துடுச்சு, விதி தெரியாம. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா சார்? பதினோரு வருஷமா தற்காலிக வேலை. அடுத்த மாசம்தான் அந்தப் பொண்ணுக்கு நிரந்தரம் ஆகுது. இப்ப பேர் எழுதிக் குடுத்தா?"

"எழுதினா அதோட வேலை போகும். எழுதலைன்னா நிதி போகும். எனக்கு ஒரு பேர் வேணும். நாலரைக்குக் கையெழுத்துப் போடுவேன்."

"அவ செய்யலைன்னா?"

"அப்ப செஞ்சவங்களை நாலரைக்குள்ள கூட்டிட்டு வாங்க."

மூலை நாற்காலியிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. இரவெல்லாம் தூங்காத முகம். "விடுங்க சார். போனது போகட்டும்."

"என்ன டாக்டர் நீங்க! இந்த நிதி இன்னொரு தடவை வருமா?"

டாக்டரம்மாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று இயக்குநர் நினைத்துக்கொண்டார். கமாவும் அப்படித்தான் நினைத்தார்.

காலை 11.15. ஆய்வகம்.

டெக்னீஷியனுக்குச் சேதி எட்டியிருந்தது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு பதினேழுக்கு எங்கம்மா இருந்தே?"

"ஸ்டோர் வாசல்ல மேடம்."

"எதுக்கு?"

"ரத்தம் எடுக்கிற டியூப் வாங்க. டாக்டரம்மா அனுப்புனாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு அஞ்சு இருக்கும். வார்டுல இருந்து போன் வந்துச்சு. இங்க நின்னுதான் பேசினாங்க. போனை வச்சதும், ஓடிப்போய் டியூப் வாங்கிட்டு வான்னாங்க."

"ஸ்டோர் ஒண்ணுல இருந்து ரெண்டு வரைக்கும் பூட்டியிருக்குமே. இந்த வளாகத்துல திரியற பூனைக்குக்கூடத் தெரியுமே அது."

"தெரியும் மேடம். டாக்டரம்மா சொல்லி எப்படி மறுத்துப் பேசறது? ரெண்டு மணி வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"மெஷினைப் பூட்டிட்டுத்தானே போனே?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுருக்கவுரையை நீ படிச்சிருக்கியா?"

"இல்ல மேடம். வாசிக்கறப்ப புள்ளியியல் சாரும் டாக்டரம்மாவும் சண்டை போட்டது மட்டும் காதுல விழுந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க மேடம். அவங்களாவது என்னை நம்புவாங்க."

பகல் 12.20. புள்ளியியல் பிரிவு.

புள்ளியியல் நிபுணருக்கு 'தசமம்' என்று பெயர். எதையும் முழு எண்ணாகச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஒண்ணு பதினேழுக்கு எங்க இருந்தீங்க?"

"கேன்டீன்ல. ஒண்ணு பதிமூணுல இருந்து ஒண்ணு முப்பத்தி நாலு வரைக்கும். ஆறு பேர் பார்த்தாங்க. ஒருத்தர் கண்ணாடி போடலை, அதனால அஞ்சரைன்னு வச்சுக்குங்க."

"சுருக்கவுரையைக் கிழிச்சுப் போட்டுடுவேன்னு கத்தினீங்க. நானே கேட்டேன்."

"கத்தினேன்தான். இல்லைன்னு சொல்லலையே! என் கணக்கீட்டு முறையைப் பத்தி ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னேன். இடமில்லைன்னுட்டாங்க டாக்டரம்மா. இருநூத்தி அம்பதும் ரொம்பிடுச்சு, ஒரு சொல்லுக்குக்கூட இடமில்லையாம். மூணு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டவன் நான்."

"அந்தக் கோவத்துல..."

"கோவத்துல என்ன பண்ணுவேன்? என் வாக்கியத்தைச் சேர்ப்பேன். அவங்க புகழையா பாடுவேன்?"

நியாயமான பேச்சு. கமா எழுந்து கதவு வரை போய்விட்டார். பின்னால் தசமம் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சொல்லுக்கு இடமில்லை. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒன்பது சொல்லுக்கு இடம் எங்கிருந்து முளைச்சுதாம்?"

கமா கதவுப்பிடியில் கைவைத்தபடியே நின்றுவிட்டார்.

பகல் 12.45.

தன் மேசைக்கு வந்ததும் முதல் காரியமாக நேற்றைய அச்சுப் பிரதியை எடுத்தார். வாசிக்கும்போது பத்துச் சொல்லுக்கு ஒரு பென்சில் கோடு போடுவது அவர் வழக்கம். இருபத்தைந்து கோடுகள். இருநூற்று ஐம்பது. பக்கத்தில் தள்ளுபடியான பிரதியை வைத்து, அளவுகோலை வரிவரியாக நகர்த்தி எண்ணினார். அதிலும் இருநூற்று ஐம்பது.

ஒன்பது சொல் உள்ளே வந்திருக்கிறது. அப்படியானால் ஒன்பது சொல் வெளியே போயிருக்க வேண்டும். காலையிலிருந்து எல்லோரும் சேர்த்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்த வரியை ஒருத்தரும் தேடவில்லை, அவர் உட்பட.

நடுப் பத்தியில் அளவுகோல் நின்றது. பழைய பிரதியில் இருந்த ஒரு வாக்கியம் புதியதில் இல்லை.

'இந்த மருந்தால் இதுவரை எந்தக் குழந்தைக்கும் எந்தப் பக்க விளைவும் ஏற்பட்டதில்லை.'

விரல்விட்டு எண்ணினார். ஒன்பது.

அட, இதையா வெட்டினார்கள்! விண்ணப்பத்தின் உயிர்நாடியே இந்த வரிதானே. டாக்டரம்மாவின் பெருமை பாட வந்த பெண், இருப்பதிலேயே பெருமையான வரியையா வெட்டுவாள்? சரி, விரோதி என்று வைத்துக்கொண்டால், இடம் பண்ண எதை வெட்டினால் என்ன? கடைசி வரியிலேயே கை வைத்திருப்பான். எப்படியும் தள்ளுபடியாகப் போகிற தாள். மெனக்கெட்டு நடுவில் புகுந்து, இதை மட்டும் முழுசாக, முன்பின் வரிகள் இடிக்காமல் எடுத்திருக்கிறார்கள்.

அந்த வரி தாளில் இருப்பதையே பொறுக்க முடியாத ஒருவர் எடுத்திருக்க வேண்டும்.

தொலைபேசியை எடுத்துக் குழந்தைகள் வார்டைக் கூப்பிட்டார். சிஸ்டர் பேசினார்.

"நேத்து ஒரு மணி வாக்குல டாக்டரம்மாவுக்கு லேப்ல போன் பண்ணீங்களா?"

"ஆமா மேடம். பன்னண்டு அம்பத்தெட்டு. குறிச்சு வச்சிருக்கேன்."

"என்ன விஷயம்?"

சிஸ்டரின் குரல் தணிந்தது. "மூணாம் படுக்கைப் பையனுக்கு அந்தப் புது மருந்து குடுத்ததும் முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டிடுச்சு. டூட்டி டாக்டர் ஊசி போட்டு மூச்சு திரும்பினப்புறம்தான் போன் பண்ணேன். எல்லாப் பிள்ளைக்கும் மருந்தை நிறுத்துன்னு போன்லயே சொல்லிட்டாங்க டாக்டரம்மா. ஒண்ணரைக்கு வார்டுக்கு வந்தாங்க."

'12.58. 1.30.' கமா இரண்டையும் தாளில் எழுதி, நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

அதற்கப்புறம் மூன்று தடவை டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். மூன்று தடவையும் பூட்டு. வார்டுக்கே போய்க் கேட்கலாம்தான், கால் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த மருந்தின் ஒவ்வொரு தாளும் கமாவின் மேசை வழியாகத்தான் போயிருக்கிறது. யாராவது வேறு காரணம் சொல்லிவிட மாட்டார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. மணியானதுதான் மிச்சம்.

மாலை 4.20. இயக்குநர் அறை.

கடிதம் தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. டெக்னீஷியன் சுவரோரமாக நின்றாள். தசமம் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். இயக்குநர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்," என்று கமா இரண்டு பிரதிகளையும் கடிதத்தின் மேலேயே வைத்தார். "சேர்த்தது ஒன்பது சொல். எடுத்ததும் ஒன்பது சொல். எடுத்ததைப் படிங்க."

இயக்குநர் படித்தார். "இது ரொம்ப நல்ல வரியாச்சே! இதை எதுக்கு எடுக்கணும்?"

"பொய்யாயிடுச்சு சார். நேத்து பன்னண்டரைக்கு வாசிக்கறப்ப உண்மை. பன்னண்டு அம்பத்தெட்டுக்கு வார்டுல இருந்து போன் வந்தப்புறம் பொய். மருந்து ஒரு பையனுக்கு ஒத்துக்கலை. அந்த போனை எடுத்தவங்களுக்கு மட்டும்தான் இந்த லேப்ல அது தெரியும். எடுத்த கையோட, இந்தப் பொண்ணைப் பூட்டின ஸ்டோருக்கு அனுப்பினாங்க. மெஷின் திறந்தபடி கிடந்துச்சு. ஒண்ணு பதினேழுக்கு வேலை முடிஞ்சுது. ஒண்ணரைக்கு வார்டுக்குப் போனாங்க."

கமா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"விண்ணப்பம் தள்ளுபடியாகணும்னுதான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தீங்க. ஆனா சாகப்போற தாள்லகூட உங்க பேர்ல ஒரு பொய் இருக்கறதுக்கு உங்க கை சம்மதிக்கலை. இல்லையா டாக்டரம்மா?"

டாக்டரம்மா மெல்லத் திரும்பினார். மறுக்கும் எண்ணமே அந்த முகத்தில் இல்லை. "ஆமா. தள்ளுபடி ஆச்சுன்னா, விதிமுறையில தவறிட்டோம்னு சொல்லிக்கலாம். மருந்தே தவறிடுச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. பன்னண்டு வருஷம்... என் வாயால அதைச் சொல்ல வரலை."

"அதுக்கு இந்தப் பொண்ணு தலையிலயா கை வைக்கணும்?" தசமம் கொதித்துவிட்டார்.

"என் லாகின்ல இருக்க வேண்டாம்னுதான் இவ மெஷின்ல உக்காந்தேன். ஆனா இவ பேர் வெளிய வரும்னு நான் நெனைக்கலை. செஞ்சவங்க பேரைக் கேப்பாங்கங்கறதே காலையிலதான் தெரியும். சார் இவ பேரைச் சொன்னப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. நாள் முழுக்கத் திறக்கலை."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். 4.33. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டாக்டர், நிதானமா யோசிங்க. இந்த விஷயம் அஞ்சு பேருக்குள்ளதான் இருக்கு. கடிதம் இருக்கிறபடியே போச்சுன்னா, பழைய பிரதியை ஏத்துப்பாங்க. இந்தப் பொண்ணுக்கு வெளிய எங்கயாவது ஒரு நல்ல வேலை நானே பார்த்துத் தர்றேன்."

கமாவுக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "பழைய பிரதின்னா என்ன சார்? அந்த ஒன்பது சொல்லும் திரும்ப வரும். நிதி வந்ததும் அதை நம்பி இன்னும் முந்நூறு பிள்ளைகளுக்கு மருந்து குடுப்பாங்க!"

டாக்டரம்மா மேசைக்கு வந்து கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க சார்."

தட்டச்சான பெயரை அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதினார். கீழே இரண்டு வரிகளில் மூன்றாம் படுக்கையில் நடந்ததையும் எழுதி, கையெழுத்துப் போட்டார். 4.41-க்குக் கமா அதை அனுப்பினார். இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அனுப்பினார். நிதி போய்விட்டது. டாக்டரம்மாவின் பதவியும் அநேகமாகப் போய்விடும். டெக்னீஷியனின் வேலையை இனி யாரும் தொட முடியாது.

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் எதிரே போய் நின்றார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியலைம்மா."

அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். திட்டினாலும் தகும், அழுதாலும் தகும்.

"அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான் டாக்டரம்மா?" என்று கேட்டாள் அவள்.

கமாவுக்குச் சுரீரென்றது. வார்டுக்குப் போன் பண்ணி நிமிஷக் கணக்கெல்லாம் வாங்கிக் குறித்துக்கொண்ட மனுஷி, இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இயக்குநர் கேட்கவில்லை. தசமமும் கேட்கவில்லை. வேலையே போகும் என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் கேட்கிறாள்.

டாக்டரம்மாவின் உதடு கோணியது. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை உடைந்துகொண்டு வந்தது.

"நல்லா இருக்கான். காலையில எழுந்து பசிக்குதுன்னான். ராத்திரி பூரா அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஆனா நேத்து போன் வந்ததும் நான் முதல்ல போனது அவன்கிட்ட இல்லைம்மா. உன் மெஷின்கிட்ட."

அந்தப் பெண் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.