உதட்டுக்குப் பொருந்திய குரல்

திரையிலிருந்த குழந்தை மூச்சு இழுத்தது காதில் கேட்டது.

இழுத்து, பாதியில் நிறுத்தி, விசும்பலுக்குத் தயாராகிற சின்ன மூச்சு. பேபி ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தம்பி, பழைய சத்தம் எதையாவது ஓட விட்டிருக்கீங்களா?"

ஒலிப்பதிவாளர் இல்லையென்று தலையாட்டினார். "அந்த ரீல்ல சத்தம் மொத்தமா அழிஞ்சு போச்சே மேடம். அதுக்குத்தானே உங்களையே கூப்பிட்டோம். உங்க மூச்சுதான் மைக்ல விழுது போல."

இருக்கலாம். ஆனால் அவள் அப்போது மூச்சு விடவில்லை. வசனத்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவளுடைய தொழில் பழக்கம்.

வெளியே நல்ல வெயில். உள்ளே, தடித்த துணி போர்த்திய சுவர்களுக்கு நடுவே பகலும் இல்லை, இரவும் இல்லை. ஏசியின் ஈர வாடை, எத்தனையோ பேர் வாயருகே வந்துபோன மைக்கின் எச்சில் வாடை, திரையிலிருந்து வழியும் சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவளே நின்றுகொண்டிருந்தாள், எட்டு வயதில், மூடிய கதவு ஒன்றின் முன்னால்.

நாற்பத்தாறு வயதில், முழங்கால் வலியும் காதோர நரையும் வந்த பிறகும் அவளுக்குப் பேபி என்றுதான் பெயர். மூன்று வயதில் ஒட்டிய பட்டம், தேய்த்தாலும் போகவில்லை. அந்தக் காலத்தில் அவள் அழாத படம் ஓடாது என்பார்கள். கிளிசரின் வேண்டாம், அதட்டல் வேண்டாம். "அழு கண்ணு" என்று அம்மா கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னால் போதும், பொலபொலவென்று கொட்டும். பிறகு ஒரே வருடத்தில் கால் நீண்டது, முகம் நீண்டது, வாய்ப்பு குறுகியது. கதாநாயகியின் தங்கை, தங்கையின் தோழி, டிவி தொடரில் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் நாத்தனார் என்று இறங்கி இறங்கி, கடைசியில் முகமே வேண்டாம், குரல் போதும் என்றாகிவிட்டது. முகத்துக்கு வந்த வயது தொண்டைக்கு வரவில்லை. காலையில் கார்ட்டூன் எலிக்குஞ்சு, மதியம் தொடரில் காய்ச்சலில் சாகிற பையன். வருகிற வேலையைச் செய்வாள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். வீட்டுக்குப் போனால், ஏன் போனோம் என்றிருக்கும்.

இன்று, திரும்ப வெளியாகப்போகிற ஒரு படத்துக்காக, அவளுடைய பழைய குரலுக்கு அவளே குரல் கொடுக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

தாளில் வசனம் இருந்தது: 'அம்மா, கதவத் தொறம்மா. நான் இனிமே அழ மாட்டேன்.'

பேசினாள். பொருந்தவில்லை. மறுபடி பேசினாள்.

"கடைசி வரி மட்டும் ஒட்டலை மேடம். வாய் எங்கயோ போகுது."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். பிறர் உதட்டைப் பார்த்துப் பார்த்தே வயிறு வளர்த்தவள். 'அழ' என்றால் வாய் திறந்துகொண்டே தொடங்க வேண்டும். இந்தக் குழந்தையின் கீழுதடு முதலில் மேல்பல்லைத் தொடுகிறது. அது 'வ'. அதன் பிறகு நாக்கு மடங்குகிறது.

வளர மாட்டேன்.

அந்த வாசகம் எந்தப் படத்திலும் கிடையாது. இரவு, வளர்த்தியை அடக்கும் என்று வெறும் கறுப்புக் காப்பியைக் குடிக்க வைத்து, பீரோக் கதவோடு முதுகை ஒட்டி நிறுத்தி, தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து அழுத்தியபடி அம்மா சொல்லச் சொல்கிற வாசகம். 'சொல்லு கண்ணு. இனிமே வளர மாட்டேன்னு சொல்லு.' சொன்ன பிறகுதான் விளக்கு அணையும். அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இருந்ததில்லை. கேமரா இருந்ததில்லை.

"மேடம்? போலாமா?"

"போலாம்."

படம் திரும்ப ஓடியது. குழந்தை கதவைத் தட்டியது. பேபி அந்த உதட்டுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தாள்.

"அச்சு மாதிரி உக்காந்துடுச்சு மேடம்! ஆனா வசனம் வேறயா இருக்கே?"

"அப்பவே மாத்தியிருப்பாங்க தம்பி," என்றாள். வேறென்ன சொல்வது? விளக்கம் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"சரி. விசும்பல் மட்டும் ஒண்ணு எடுத்துக்கலாம்."

அதே துண்டு மறுபடி ஓடியது. குழந்தை தட்டியது. தட்டுவது நின்றது. இத்தனை தடவை ஓடியதில் அது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒலிப்பதிவாளர் குனிந்து ஏதோ ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

குழந்தை திரும்பியது.

மெதுவாக. கன்னத்தில் கண்ணீர்க்கோடு. உதட்டில் சாயம். கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவைத் தாண்டிப் பார்த்தது. இருட்டுக்குள். மைக் நிற்கிற இடத்துக்கு.

அவளை.

திரை அணைந்தது.

"அருமை மேடம்! ஆனா கடைசில நீங்களா ஒண்ணு சேத்துட்டீங்களே, அத எடுத்துடவா?"

என்னவென்று அவள் கேட்பதற்குள் அவர் போட்டுக் காட்டிவிட்டார். விசும்பல். ஒரு சின்ன இடைவெளி. பிறகு, தெளிவாக, கொஞ்சலாக: "வீட்டுக்குப் போலாமா?"

அவள் வாய் திறக்கவில்லை. உதடுகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. அது நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைப் பிரித்தாள்.

"அது நான் இல்ல," என்றது எட்டு வயதுக் குரல்.

ஒலிப்பதிவாளர் சிரித்தார். "இன்னும் அந்தக் குரல்லயே இருக்கீங்களே மேடம்!"

வேலை முடிந்தால் ஒருமுறை செருமுவாள், சொந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்று நடையில் நின்று செருமினாள். வெந்நீர் குடித்துவிட்டுச் செருமினாள். வரவில்லை.

வாடகைக் காரில் ஏறி, போகவேண்டிய இடத்தை அந்தச் சின்னக் குரலிலேயே சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நெரிசலில் வண்டி ஊர்ந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாக மங்கியது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். எதுவும் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

வீட்டு வாசலில் இறங்கிக் கார்க் கதவை மூடப்போனாள்.

"இருங்கம்மா," என்றார் ஓட்டுநர். "பாப்பா இறங்கட்டும்."

பின் இருக்கை காலியாக இருந்தது. ஆனாலும் ஒரு குழந்தை இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து, காலைத் தொங்கவிட்டு, குதித்து இறங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாடிப்படியில் மெல்ல ஏறினாள். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. காதும் கண்ணும் ஞாபகமும் இன்னும் கத்தி. 'உனக்கு என்ன கொறை வச்சேன்? நீதான் வளந்து எல்லாத்தையும் கெடுத்த' என்பாள், சாப்பாட்டுக்கு நடுவே, உப்புக் கேட்பதுபோல. அவளும் உப்பை நகர்த்தி வைப்பாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கில்லை. படுக்கையறையில் மட்டும் மஞ்சளாய் ஒரு வெளிச்சம். பவுடர் வாசனை. சாய வாசனை. படப்பிடிப்பு விளக்குச் சூட்டில் கருகுகிற முடியின் வாசனை.

"கண்ணு, வந்துட்டியா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "எவ்வளவு நேரமாக் காத்துட்டு இருக்கேன் தெரியுமா?"

கண்ணு. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு 'ஏய்' தான், 'இவளே' தான். இருட்டு நடையில் அப்படியே நின்றாள். இத்தனை வருட அலுப்பும் ஒரு சொல்லில் இறங்கியதுபோல் இருந்தது. வந்துட்டேன்மா என்று சொல்லத்தான் படுக்கையறை வாசல்படியில் காலை வைத்தாள்.

அம்மாவின் முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் கண்ணாடி. அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு இறங்கியது. ஏறியது. இறங்கியது.

தன் தலையை அல்ல.

ஸ்டூலில் தொங்கும் இரண்டு கால்கள். வெள்ளைக் காலுறை. ஆடவில்லை.

அம்மா கண்ணாடிவழியே நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மரியாதையான பார்வை. வேற்று ஆளைப் பார்க்கிற பார்வை.

"யாரும்மா நீங்க? ஷூட்டிங்லேர்ந்தா? குழந்தை களைச்சுப் போயிருக்கா. நாளைக்கு வாங்களேன்."

கண்ணாடியில் இன்னொரு முகம் மெல்ல நிமிர்ந்தது. சாயம் பூசிய சின்ன உதடு மூடி, திறந்தது. அங்கிருந்து சத்தம் வரவில்லை.

"அம்மா."

சத்தம் வாசல்படியில் வந்தது. இவள் தொண்டையிலிருந்து வந்தது. இவள் இரு கையாலும் வாயைப் பொத்தினாள். கண்ணாடியில் உதடு அசைந்துகொண்டே இருந்தது, விரலிடுக்குகள் வழியே குரலும் வந்துகொண்டே இருந்தது, மயிரிழை பிசகாமல்.

"அம்மா, அந்தப் பொம்பளைய வெளிய போகச் சொல்லும்மா."