ஆறாவது செடி சாகக் கூடாது!

"ஐயோ… செத்துப் போச்சே!"

அழகம்மாவின் அலறல் பங்களாவையே உலுக்கியது.

முன் வராந்தாவில் பிணம் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கம்பி. உடம்பெல்லாம் பழுப்பு. தொட்டதும் ஒரு கை உதிர்ந்து காலடியில் விழுந்தது…

பயப்படாதீர்கள். செத்தது ஒரு செடி!

ஆனால் அதற்காக ஒரு மனிதன் சாகப் போகிறான்.

1943. மலாயாவின் கெடாவில், ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓட்டம் பிடித்தார். மனைவியின் பியானோவை விட்டுப் போனார். பன்னிரண்டு காற்றுச் செடிகளையும் விட்டுப் போனார். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செடிகள். மண் வேண்டாம், சட்டி வேண்டாம். கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் காற்றையும் ஈரத்தையும் குடித்தே வாழும்.

பங்களாவைப் பிடித்துக்கொண்ட கேப்டன் மொரியாமாவுக்கு அந்தச் செடிகள் மேல் பைத்தியம். மூன்று வாரத்துக்கு முன் தானே ஏணி போட்டு ஏறி, முன் வராந்தாவில் புதுக் கம்பி இழுத்து, ஆறு செடிகளை வரிசையாகத் தொங்கவிட்டார். மீதி ஆறும் பின்பக்கம் பழைய பிரம்பிலேயே தொங்கின. பார்த்துக்கொள்வது அழகம்மாவின் வேலை.

முன்னால் தொங்கிய ஆறில் ஐந்து காலி!

"கொரா!"

ஜப்பானிய அதட்டல். சப்பாத்துச் சத்தம். கேப்டன் வந்தார். பின்னாலேயே கிராணி பரஞ்சோதி. தோட்ட ஆபீஸ் எழுத்து வேலை அவருடையது. சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களின் லிஸ்டும் அவர் கையில்தான். போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

கேப்டன் அரைகுறை மலாயில் கத்தினார். கிராணி நிதானமாகத் தமிழாக்கினார்.

"நாலு மணிக்கு கேப்டன் தொர திரும்பி வருவாரு. செடி ஏன் சாவுதுன்னு அதுக்குள்ள சொல்லணும். இல்லன்னா ஒம் புருசன் பழனியாண்டி இன்னிக்கே லாரி ஏறணும். அவ்வளவுதான் லா."

கேப்டனின் கார் கிளம்பியது. அழகம்மா கிராணியின் காலில் விழுந்தாள்.

"ஐயா, அவரு பேர எடுத்துடுங்கய்யா… காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச ஒடம்புய்யா!"

"காலைப் பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கறப்ப, அத்தன ஆளு முன்னாடி ஒம் புருசன், 'கிராணி மச்சான் பேரு ஏன் லிஸ்டுல இல்ல'ன்னு கேட்டான்ல? அந்தக் கேள்விய சயாமுல போயி கேக்கச் சொல்லு!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார் மனுஷன்.

பழனியாண்டி மரவள்ளிக்கிழங்கோடு வந்தபோது அழகம்மா அழுதுகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஓடிப் போயிடுங்க."

"எங்க ஓடுறது? ரோட்டுல சோல்ஜரு. காட்டுக்குள்ள போனாலும் ஒன்னையத்தானே கட்டி வெச்சு அடிப்பான்? ஏ புள்ள, தண்ணி கிண்ணி அதிகமா ஊத்திட்டியா?"

"பன்னெண்டுக்கும் ஒரே தண்ணிதாங்க! குருத்துல நின்னா அழுவிடும்னு கவுத்து ஒதறித்தான் மாட்டுறேன். பின்னால ஆறும் புது மாப்பிள்ள கணக்கா இருக்கே!"

"அப்ப முன்னால மட்டும் எவன் கொல்றான்?"

அழகம்மா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். செத்த செடியைக் கையில் எடுத்தாள். கம்பி பட்ட இடத்தில் பச்சையாக ஏதோ… நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள்.

"களிம்பு!"

"என்னாது?"

"செம்புக் கம்பிங்க இது! ஈயம் போன பாத்திரத்துல புளிக்கொழம்பு வெச்சா என்னா ஆவும்? வெசமாயிடும்ல? தெனமும் நான் தெளிக்கிற தண்ணி கம்பியில பட்டு, களிம்பு எறங்கி… செடி சாவுது!"

கொலைகாரன் சிக்கிவிட்டான்!

"அப்ப அறுத்துப் போடு கம்பிய!" பழனியாண்டி பாராங் கத்தியை எடுத்தான்.

"இருங்க…"

அழகம்மாவின் கண் கம்பியோடு போனது. தூணில் முடிய வேண்டிய கம்பி முடியவில்லை. கூரையோரமாக ஓடி, கோடி அறைச் சுவரில் இருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. அறை பூட்டியிருந்தது. சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

சாக்குக்கு அடியில் ஒரு பெட்டி. இரண்டு குமிழ்.

ரேடியோ!

எதிரி நாட்டுச் செய்தி கேட்டவன் யாரானாலும் தலையை வெட்டிக் கம்பத்தில் வைக்கிற காலம் அது.

"கம்பிய விட்டா செடி சாவும், நீங்க சயாமுக்கு. கம்பிதான் காரணம்னு சொன்னா அது எங்க போவுதுன்னு பாப்பாங்க. நாமதான் வெச்சோம்னு கட்டிடுவாங்க…" தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தப் பக்கமும் போக முடியலையேங்க!"

"என்னா, புருசனும் பொண்டாட்டியும் சன்னல்ல?"

கிராணி! அவளைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடி சக்க… ரேடியோ!"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா!"

"கம்பியில செடிய மாட்டி மறைக்கிறது நீ. தெரியாதா? பழனியாண்டி, சயாமெல்லாம் எதுக்கு? கழுத்த ஒரு தடவ நல்லாத் தடவிப் பாத்துக்க!"

வாசலில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். அவர்கள் எங்கே போவது?

மணி நாலு. கார் வந்தது. கிராணி ஓடினார். மூன்று தடவை குனிந்தார். விரலை நீட்டினார்.

"துவான்! எஜமான்! அந்த அறையில் ரேடியோ! கம்பி அதற்குத்தான்! இந்த இரண்டு பேரும்தான்!"

கேப்டனின் முகம் சாம்பலானது. கம்பியைப் பார்த்தார். கோடி அறையைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார்.

பளார்!

கிராணியின் கண்ணாடி வராந்தாவைத் தாண்டி விழுந்தது.

"என் அறையை எட்டிப் பார்க்க நீ யார்?"

கேப்டனின் இடுப்பில் ஒற்றைச் சாவி ஆடியது. அழகம்மா அதைப் பார்த்தாள். ஏணியில் ஏறிக் கம்பி இழுத்தது யார் என்பதும் அந்தக் கணத்தில் அவளுக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்கு?

கேப்டன் தன் பாஷையில் ஏதோ கத்தினார். சிப்பாய்கள் கிராணியின் வாயைத் துணியால் கட்டி லாரிக்கு இழுத்துப் போனார்கள். சயாம் லாரி! அழகம்மாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்தான்.

கேப்டன் அவள் பக்கம் திரும்பினார். கை வாளின் பிடியில்.

"நீ என்ன பார்த்தாய்?"

அழகம்மா தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சந்தைப் பேச்சில், மெல்லச் சொன்னாள்.

"நான் செடிய மட்டுந்தான் பாப்பேன், துவான்."

"ஏன் சாகிறது?"

பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"செம்புக் களிம்பு பட்டு சாவுது துவான். ஆனா கம்பிய எடுக்க வேணாம்… அது அங்கயே இருக்கட்டும். மேல ரப்பர் பால் பூசிக் காய வெச்சா களிம்பு எறங்காது. பூசறதுக்கு ஒரு ஆளு வேணும். என் வீட்டுக்காரரு பால் வெட்டுறவருதான்."

"எத்தனை நாள் பூச வேண்டும்?"

"சண்ட முடியிற வரைக்கும், துவான்."

கிராணி கீழே போட்டுவிட்டுப் போன லிஸ்டைக் கேப்டன் எடுத்தார். ஒரு பெயரை அடித்தார். இன்னொரு பெயரை எழுதினார். வாளிலிருந்து கை இறங்கியது.

அழகம்மா குனிந்து வணங்கினாள். நிமிரவே முடியாமல் அங்கேயே அழுதாள்.

அடுத்த வாரம் புதுக் கிராணி பக்கிரிசாமி வேலைக்கு வந்தார். ஆறாவது செடியில் புதுக் குருத்து. கம்பிக்குப் பால் பூசிக்கொண்டிருந்தான் பழனியாண்டி. கம்பி போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்த பக்கிரிசாமி, கோடி அறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"ஏம்மா, அந்த ரூமுக்குள்ள என்னா இருக்கு?"

"அதுவும் ஒரு காத்துச் செடிதாங்கய்யா. மண்ணு வேணாம், தண்ணி வேணாம்… காத்துல வர்றத வாங்கியே உசுரோட இருக்கும். ஒண்ணே ஒண்ணு… எட்டிப் பாத்தா அது வாடாது, பாத்தவங்கதான் வாடிப் போயிடுவாங்க!"